ஆடாதோடை இலையும் பாமசிப் போத்தலும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழேயே ஒரு பாமசி இருக்கிறது. மாரி தொடங்கிவிட்டால் அதன் வாசலில் தடிமனும் இருமலுமாக எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒருநாள் நானும் நின்று, சளி இளக ஒரு பாணி மருந்து வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். குசினியில் அம்மா ஆடாதோடை இலை அவித்துக்கொண்டிருந்தார். மண்சட்டியில் தண்ணீர் வற்றி அடியில் கறுத்துக் கிடந்தது. "முதல் இதைக் குடி, அதைப் பிறகு பாக்கலாம்" என்று கோப்பையை நீட்டினார். கைப்பென்றால் அப்படி ஒரு கைப்பு. குடித்து முடித்து, வாயில் ஒரு துண்டு கற்கண்டைப் போட்டுக்கொண்டு, வாங்கி வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். புரோம்ஹெக்சின் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

இந்த இரண்டும் உறவுக்காரர் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பாமசியில் அதை எடுத்துத் தந்த பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. ஆடாதோடை இலையின் கைப்புக்குள் வாசிசின் என்றொரு பொருள் இருக்கிறது. ஜேர்மனிய வேதியியலாளர்கள் அதன் அமைப்பை முன்மாதிரியாக வைத்து, அங்கே கொஞ்சம் வெட்டி, இங்கே கொஞ்சம் ஒட்டி உருவாக்கிய மருந்துதான் புரோம்ஹெக்சின். 1963 இல் அது பாவனைக்கு வந்தது. அது நம் உடம்புக்குள் போய் மாறும் வடிவம் அம்புரொக்சோல். அதுவும் இன்று தனி மருந்தாக விற்கப்படுகிறது. இப்போது அம்புரொக்சோல் பார்க்கின்சன் நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று பிரித்தானியாவில் நோயாளர்களிடம் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இருமலுக்கு அவித்த இலையின் பேரப்பிள்ளை மூளை நோய்க்குப் பயன்படுமா என்று பார்க்கும் இடம்வரை கதை போய்விட்டது.

நாட்டு மருந்தைப் பற்றி நம்மிடையே கதை எழுந்தால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். ஒரு கட்சிக்கு முன்னோர் சொன்னதெல்லாம் மருந்து. மற்றக் கட்சிக்கு அதெல்லாம் வெறும் இலை தழை. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. கஷாயம் என்பது ஒரு துப்பு. பல நூறு வருடங்களாகப் பல்லாயிரம் பேர் குடித்துப் பார்த்துக் கைமாற்றித் தந்த துப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்துவரை போய்ச் சேர நீண்ட வழி நடக்கவேண்டும். நடக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்வதும் தவறு, துப்பையே குப்பையில் போடுவதும் தவறு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1981 முதல் 2019 வரை உலகில் அங்கீகாரம் பெற்ற 1,881 புதிய மருந்துகளை நியூமன், கிராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகைப்படுத்தினார்கள். செடி, பூஞ்சை, நுண்ணுயிர் போன்றவற்றிலிருந்து எடுத்து அப்படியே மருந்தானவை நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு. இயற்கையில் கிடைத்ததை எடுத்து மாற்றியமைத்தவை நூற்றுக்கு ஏறக்குறைய பத்தொன்பது. இந்த நான்குக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்தான் விடயமே இருக்கிறது. இயற்கை பெரும்பாலும் தருவது முடிந்த மருந்தை விட, அதற்கான யோசனையை.

துப்பை எப்படி வாசிப்பது என்பதற்கு நான் எப்போதும் திரும்பிப் போகும் கதை சீனாவில் நடந்தது. 1967 இல் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடி சீன அரசு ஒரு இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மே மாதம் 23 ஆம் திகதி தொடங்கியதால் அதன் பெயரே 523. பெய்ஜிங்கில் அதன் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டு யூயூ. அவரும் குழுவினரும் பழைய ஏடுகளையும் வைத்தியர்களையும் தேடி 2,000 க்கு மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து மலேரியா பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை நன்றாக வேலை செய்தது, அடுத்த முறை செய்யவில்லை. எத்தனையோ ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கைவிடப்பட்டிருக்கும்.

டு யூயூ திரும்பவும் ஏட்டுக்குப் போனார். நாலாம் நூற்றாண்டில் கோ ஹொங் என்பவர் எழுதிய அவசர மருந்துக் குறிப்பில் ஒரே ஒரு வரி: ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி. அந்த வரியில் அவித்தல் இல்லை, காய்ச்சுதல் இல்லை. ஊறவைத்துப் பிழி என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவர் யோசித்தார். 35 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு, சூடேற்றாமல் சாறெடுத்தார். 1971 ஒக்டோபரில் 191 ஆவது மாதிரி எலிகளில் இருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முழுமையாக ஒழித்தது. நோயாளருக்குக் கொடுக்கமுன் அவரும் சக ஆய்வாளர் இருவரும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் ஆர்ட்டெமிசினின். 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய கஷாயக் கணக்கு ஞாபகம் வரும். இலங்கையில் கஷாயச் சரக்கு பன்னிரண்டு கழஞ்சு, அதாவது ஏறக்குறைய 60 கிராம். எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்றவேண்டும். வேறு சில மருந்துக்கு இரவில் ஊறவைத்துக் காலையில் வடித்துக் குடிக்கவேண்டும். இன்னும் சில தேனில் குழைப்பது, நெய்யில் காய்ச்சுவது. இதையெல்லாம் சடங்கென்று நினைத்துக் கடந்துபோகிறோம். ஆனால் எந்தப் பொருள் தண்ணீரில் இறங்கும், எது நெய்யில் மட்டும் கரையும், எது சூடு தாங்காது என்ற அனுபவம் அந்தப் பக்குவங்களுக்குள் படிந்திருக்கக்கூடும். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களான பரராசசேகரமும் செகராசசேகரமும் செய்யுளாகவே எழுதப்பட்டவை. அந்தச் செய்யுள்களை இலக்கியமாக மதிப்பதோடு நிற்காமல், கோ ஹொங்கின் ஒற்றை வரியை டு யூயூ வாசித்ததுபோல, பக்குவச் சொல் ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டி வாசிக்கவேண்டும் என்பது என் தீராத ஆசை.

மலேரியாக் கதை நமக்கு எங்கோ தூரத்துக் கதை இல்லை. 1934, 35 இல் வந்த பெருங்காய்ச்சலில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். அப்போது கைகொடுத்த குவினைனும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். 1820 இல் பிரான்சில் பெல்லெத்தியே, காவந்து என்ற இருவர் சிங்கோனாப் பட்டையிலிருந்து அதைப் பிரித்தார்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. நுளம்பு ஒழிப்பும் வீடு வீடாக இரத்தம் எடுத்துச் சோதித்த சுகாதார ஊழியர்களும்தான் இதில் பெரும்பங்கு. ஆனால் கடைசி வருடங்களில் கொடுக்கப்பட்ட கூட்டு மாத்திரைக்குள் சிங்ஹாவின் வழித்தோன்றலும் இருந்தது.

அதற்காகச் செடியையே தேநீராகக் குடிக்கலாமா என்று கேட்டால், கூடாது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. இலைத் தேநீரில் இருக்கும் அளவு ஒவ்வொரு முறையும் வேறுபடும். குறைந்த அளவில் குடித்தால் ஒட்டுண்ணி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். பிறகு உண்மையான மாத்திரையும் வேலை செய்யாமல் போகும்.

இன்னொரு வகைத் துப்பு இருக்கிறது. அது நோயைத் தவறாகச் சொல்லும், ஆனால் செடியைச் சரியாகக் காட்டும். நம் வளவுகளில் வேலியோரம் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி, சிங்களத்தில் மினிமல், அதாவது பிணப்பூ. மயானங்களில் தானாக முளைத்து நிற்பதால் அந்தப் பெயர். மடகஸ்காரிலிருந்து வந்து உலகமெல்லாம் பரவிய செடி இது. பல நாடுகளில் இதன் இலையைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடித்தார்கள். ஜமெய்க்காவிலும் அப்படித்தான். 1952 இல் அங்கிருந்து சில இலைகள் கனடாவில் றொபேர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தன.

நோபிளின் கூடத்தில் எலிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தார்கள். இரத்தச் சீனி அசையவில்லை. துப்பு பொய் என்று எழுதி மூடியிருக்கலாம். ஆனால் சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் தொற்றுப் பிடித்துச் செத்ததைக் கவனித்தார்கள். ஏன் என்று பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே இரத்தப் புற்று! நோபிளும் சார்ள்ஸ் பியர் என்ற வேதியியலாளரும் சேர்ந்து அந்த இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அமெரிக்காவில் தனியாக நடந்த ஆய்விலும் இதே செடி அகப்பட்டது. அங்கிருந்து வின்கிறிஸ்டின் வந்தது, 1963 இல் அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கு இன்றுவரை அதை விலக்கி ஒரு சிகிச்சை முறை இல்லை என்றே சொல்லலாம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிறுவர் விடுதிக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் பரிச்சயம். வைத்தியசாலை வளவுக்கு வெளியே வேலியில் அதே பூ பூத்திருக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் அந்தப் பூச்செடியைப் பிடுங்கி அவித்துக் குடித்தால் புற்று மாறாது. ஒரு கிராம் மருந்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். மருந்தும் இரத்த நாளத்துக்குள் ஊசியாக, உடல் எடைக்கும் வயதுக்கும் பார்த்து, மிகச் சிறிய அளவில் ஏற்றப்படுவது. கொஞ்சம் பிசகினால் நரம்புத் தொகுதியே பழுதாகும். இவ்வளவு இலை தேடுவது பெரும்பாடு என்பதால், இப்போது மதுவம் எனப்படும் ஈஸ்டுக்குள் செடியின் மரபணுக்களைச் செலுத்தி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களை அதைக்கொண்டே செய்விக்கும் வழியை 2022 இல் காட்டியிருக்கிறார்கள். பாண் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான்.

பட்டிப்பூ செய்யும் வேலை என்ன? ஒரு உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல்போன்ற ஒரு கட்டமைப்பு உருவாகி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும். அந்த நூல் டியூபுலின் என்ற புரதத்தால் முறுக்கப்பட்டது. வின்கிறிஸ்டின் அந்த டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும், நூல் உருவாகாது, அணு பிரியாது. புற்று அணுக்கள் ஓயாமல் பிரிவதால் அடி அங்கே அதிகம் விழுகிறது.

இதே புரதத்தில் கை வைக்கும் இன்னொரு செடி நமக்கு இன்னும் நெருக்கமானது: கார்த்திகைப்பூ. அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் இருக்கிறது. வள்ளிக்கிழங்கென்று நினைத்து இந்தக் கிழங்கைத் தவறிச் சாப்பிட்டு உயிர்போன சம்பவங்கள் இலங்கையில் உண்டு. ஊரில் பிள்ளைகளை அந்தச் செடிக்குக் கிட்டவே விடமாட்டார்கள், அது சரியான பயம். ஆனால் அதே கொல்சிசின், மில்லிகிராம் கணக்கில், மூட்டுவாத நோயான கவுட்டுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. 2023 இல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்னுமொன்று: டியூபுலின் என்றொரு புரதம் இருப்பதையே 1960 களில் கொல்சிசினைத் தூண்டிலாகப் போட்டுத்தான் பிடித்தார்கள். செடி தருவது மருந்து மட்டும் என்று நினைக்கக்கூடாது. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் அது காட்டிக் கொடுக்கிறது.

சரி, ஒரு இலைச் சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்குமே, வேலை செய்வது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் டிரிப் சுவிட்ச் விழுந்தால் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மின்விசிறியை ஒருமுறை, கேத்திலை ஒருமுறை, பிரிட்ஜை ஒருமுறை என்று தனித்தனியாகப் போட்டுப் பார்ப்போம். ஆய்வுகூடத்திலும் ஏறக்குறைய அதேதான். சாற்றைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள். வேலை செய்யும் கூறை மறுபடி பிரித்து, மறுபடி சோதித்து, கடைசியில் தனிப்பொருள் கைக்கு வரும்வரை போவார்கள். சில வேளை பிரித்துக்கொண்டே போகும்போது வேலை செய்யும் குணமே மறைந்துவிடும். இரண்டு மூன்று பொருள் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம், பிரிக்கும் வழியில் கெட்டும் போயிருக்கலாம். வைத்தியர்கள் "கூட்டு மருந்து" என்று வலியுறுத்துவதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தையும் சோதித்துத்தான் காட்டவேண்டும்.

இனி நம் தீவின் கதை. கொழும்பில் கைவினைக் கடைகளிலும் ஆயுர்வேதக் கடைகளிலும் கொத்தல ஹிம்புட்டு என்ற காட்டுக் கொடியின் தடித்த தண்டில் கடைந்த மரக் கோப்பை விற்பார்கள். வெளிர் மண்ணிறம், குறுக்காக வளைய வளையமாக ரேகை. சீனி வருத்தக்காரர் இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் குடிப்பார்கள். என் மாமி வீட்டிலும் ஒன்று இருக்கிறது. காலையில் பார்த்தால் தண்ணீர் இலேசாகச் செம்பட்டை பிடித்திருக்கும். வாயில் வைத்தால் மரத்தூள் வாசம், கொஞ்சம் துவர்ப்பு.

1997 இல் ஜப்பானில் கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஷிகாவா குழுவினர் இந்தச் செடியிலிருந்து சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். அடுத்த வருடம் இன்னொன்று, அதன் பெயர் கொட்டலனோல். பெயரிலேயே கொத்தல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதற்கு ஒரு நொதியம் வேண்டும். சலாசினோல் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. சோறு சாப்பிட்டதும் சட்டென்று ஏறும் சீனி மெதுவாக ஏறும். அகார்போஸ் என்ற மாத்திரை செய்யும் வேலையும் இதுவே. எனக்கு இதில் மெய்சிலிர்த்த இடம் எதுவென்றால், சலாசினோல் உப்புப்போல மின்னேற்றம் கொண்ட பொருள், தண்ணீரில் நன்றாகக் கரையும். மரக் கோப்பையில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தால் போதும் என்று சொன்ன யாரோ ஒருவருக்கு வேதியியல் தெரியாது, ஆனால் பக்குவம் பிழைக்கவில்லை.

இலங்கையிலேயே மனிதரில் செய்த ஆய்வும் உண்டு. 2005 இல் வெளியான அந்த ஆய்வில் 51 நோயாளர். மூன்று மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீர், மூன்று மாதம் அதைப் போலவே தோன்றும் வெறும் தேநீர். எது எதுவென்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் சிறிய, ஆனால் அளந்து காட்டக்கூடிய குறைவு தெரிந்தது. இன்சுலினை நிறுத்திவிட்டு மரக் கோப்பையை நம்பலாம் என்று இதற்குப் பொருளில்லை. நாட்டு மருந்தை இப்படி ஒழுங்காகச் சோதிக்க நம்மாலும் முடியும் என்பதற்கு இது ஆதாரம்.

ஆனால் செடி இங்கே, பொருளைப் பிரித்தது அங்கே. அதன்பின், கொத்தல ஹிம்புட்டு சேர்ந்த சலாசியா இனத்தைச் சார்ந்த காப்புரிமைகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பதிவாகின. ஜப்பானில் அது சேர்த்த உணவு மாத்திரைகள் விற்பனையாகின்றன. இங்கேயோ கொடி காட்டில் வெட்டப்பட்டு அருகிக்கொண்டு வந்தது, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போடவேண்டி வந்தது. 1992 இல் உருவான உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தில் இலங்கை 1994 இல் இணைந்தது. ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மேல் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு, பயனில் பங்கும் உண்டு என்று அது சொல்கிறது. இந்தியா ஒருமுறை இப்படியான ஒரு காப்புரிமைச் சண்டையில் நின்று வென்றிருக்கிறது. புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இது எங்கள் வீட்டுக் கைவைத்தியம் என்று பழைய நூல்களைக் காட்டி இந்திய அறிவியல் ஆய்வுக் கழகம் வழக்காட, 1997 இல் அது இரத்தாயிற்று. எழுத்தில் இருந்ததால்தான் வெல்ல முடிந்தது. வாய்வழியாக மட்டும் வந்த அறிவுக்கு அந்தக் காப்பு இல்லை என்பது என் மனதை அரிக்கும் விடயம்.

மஞ்சளைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2020 இல் இறக்குமதி நின்று, கொழும்பில் மஞ்சள் தேடிக் கடை கடையாக அலைந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். கிருமிக்கு நல்லது என்று தண்ணீரில் கரைத்து வாசலில் தெளித்தோம். மஞ்சளின் குர்குமினைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் 2017 இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது, குர்குமின் நிலையற்றது, குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவது, சோதனைக் குழாயில் எதைத் தொட்டாலும் வேலை செய்வதுபோல் போக்குக் காட்டுவது என்று தெரிந்தது. கறிக்கு மஞ்சள் வேண்டும், அதில் மாற்றமில்லை. மருந்தென்று போத்தலில் அடைத்துப் பெருவிலைக்கு விற்பதற்கு இன்னும் ஆதாரம் போதாது.

இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு மெலிவுச் சிகிச்சை நிலையத்தில் சீன மூலிகைக் குளிகை எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். ஃபாங் ஜி என்று பெயர் முடியும் இரண்டு வேர்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மற்றது அரிஸ்டோலோக்கியா இனம். நம் ஈசுவரமூலியும் அதே இனம்தான். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய வேர் அது. அதிலுள்ள அமிலம் இன்று புற்றை உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் இருக்கிறது. முன்னோர் ஏன் கவனிக்கவில்லை? கெடுதல் வெளிப்படப் பல வருடம் எடுக்கும். இன்று குடித்த கஷாயத்தையும் இருபது வருடம் கழித்து வரும் நோயையும் எந்தக் கண்ணாலும் முடிச்சுப் போட முடியாது. உடனே வாந்தி வரவைக்கும் நஞ்சை மரபு கண்டுபிடித்து விலக்கியிருக்கிறது. மெதுவாகக் கொல்லும் நஞ்சைக் கண்டுபிடிக்கக் கணக்கும் பதிவும் வேண்டும்.

அந்தக் கணக்கும் பதிவும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2020 டிசம்பரில் பார்த்தோம். கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குத் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கண்டுபிடித்ததாகச் சொன்னார். அரசியல்வாதிகள் கமராவுக்கு முன்னால் குடித்தார்கள். தொற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கவேண்டிய நேரத்தில் ஆயிரக்கணக்கான சனம் தோளோடு தோள் இடித்து வரிசையில் நின்றது. குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. அந்த வரிசையில் நின்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயந்துபோயிருந்த மனிதர்கள் அவர்கள். பாணியைச் சோதிக்காமலே முன்னுக்குத் தள்ளியவர்கள்தான், உண்மையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க நாட்டு மருந்துகளின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தார்கள்.

சோதிக்க நம்மிடம் இடம் இல்லாமல் இல்லை. நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. கொழும்பு ஏழில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், இராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவ பீடம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவக் கல்வி. குறைவது வேறிடத்தில். புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போய் நின்று பாருங்கள். இருபக்கமும் சாக்குச் சாக்காக வேர், பட்டை, காய்ந்த பூ. அதிமதுரமும் வசம்பும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறும். கடைக்காரர் பழுத்த அனுபவத்தோடு அள்ளி, தராசில் போட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். ஆனால் அந்தத் துண்டுப் பட்டை அசோகா, அல்லது அசோகென்று விற்கப்படும் நெட்டிலிங்கமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். எந்த மண்ணில் விளைந்தது, எந்த மாதம் வெட்டியது என்பதைப் பொறுத்தும் உள்ளிருக்கும் பொருளின் அளவு மாறும். ஆய்வுகூடத்தில் எவ்வளவு அழகாகச் சோதித்தாலும், சாக்கில் இருப்பது வேறு செடியென்றால் அந்த முடிவு நோயாளருக்கு உதவாது. செடியை அடையாளம் காண்பதும் தரம் பார்ப்பதும் செய்தித்தாளில் படம் வரும் வேலைகள் இல்லைதான், ஆனால் முதலில் பணம் போகவேண்டியது அங்கேதான்.

அடுத்த குறை கிளினிக்கில். மாமிக்கு வயது எழுபத்திரண்டு. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். காலையில் மரக் கோப்பைத் தண்ணீர், மத்தியானம் தெபு இலைச் சுண்டல், இரண்டு நாளுக்கு ஒருமுறை பாகற்காய்ச் சாறு, இவற்றோடு சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் மாத்திரை. இந்த மெட்ஃபோர்மினுக்கும் ஒரு செடிதான் மூதாதை, ஐரோப்பாவில் வளரும், பயற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. கிளினிக்கில் இவையொன்றையும் மாமி சொன்னதில்லை. முன்பு ஒருமுறை சொன்னபோது ஒரு டொக்டர் எரிந்து விழுந்தாராம். அன்றிலிருந்து வாயே திறப்பதில்லை. இரண்டு வாரமாகக் காலையில் தலைச்சுற்றும் வியர்வையும் வந்தபோதும் மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டார்.

போன மாதம் நான் கூடப் போனேன். கோப்பையை ஒரு துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனோம். இம்முறை இருந்தவர் இளம் டொக்டர். கோப்பையை வாங்கி, உள்ளே பார்த்து, முகர்ந்துவிட்டு, "இது எத்தனை வருசமாப் பாவிக்கிறீங்க அம்மா?" என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பிறகு பாகற்காய், தெபு என்று எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர் கோபிக்கவில்லை. பாகற்காய்ச் சாற்றை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் சீனி பார்த்து எழுதிவரச் சொன்னார். மாமியின் கிளினிக் கொப்பியில் மெட்ஃபோர்மினுக்குக் கீழே, அதே நீலப் பேனையால், கொத்தல ஹிம்புட்டுக் கோப்பை, காலை ஒருவேளை என்று இப்போது எழுதியிருக்கிறது.